நாரையின் முதுகுப் பக்கம்

பழமலைநாதன் முதலாளி அந்தப் பறவையை எடுத்து மேசை மேல் வைத்தார். சென்னையிலிருந்து திரும்பி வந்த பார்சலில் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"இது என்னா, சொல்லு."

"கொக்கு," என்றான் பாரி.

"செஞ்சவன் நீ. நீ கொக்குன்னுதான் சொல்லுவ. வாங்குன ஓட்டல்காரன் வாத்தான்னு கேக்கறான். அவன் பொண்டாட்டி கோழிங்கறாளாம். அவங்க ரெண்டு பேருக்கும் இதால சண்ட வேற."

விருத்தாசலத்துப் பீங்கான் பறவைகளுக்குக் கால் கிடையாது. மெல்லிய கால் வைத்தால் சூளையில் ஒடிந்துவிடும். அதனால் எல்லாப் பறவையும் பீங்கானிலேயே செய்த ஒரு மரக்கட்டை மேல் வயிற்றை வைத்து, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருக்கும். பாரி வேதியியல் பட்டம் வாங்கியவன். முதலாளியின் பீங்கான் யூனிட்டில் அச்சுக்கும் சூளைக்கும் அவன்தான் பொறுப்பு. கொக்கை அவன் நின்று பார்த்ததில்லை. ஒரு காலண்டர் படத்தைப் பார்த்து அச்சு செய்தான். காலண்டரில் கொக்கு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. மற்ற மூன்று பக்கங்களையும் அவனே யோசித்துக்கொண்டான்.

"இப்ப நாரை கேக்கறான்," என்றார் முதலாளி. "நத்தை தின்னுமே, அந்த நாரை. அச்சுக்கு நாலு பக்கமும் படம் வேணும். முன்னாடி, பின்னாடி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நாலும் ஒரே நாரையா இருக்கணும். நாலு நாரைய எடுத்தாந்து ஒட்டப்படாது."

மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமராவை அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். துணிப்பைக்குள் இருந்தது. துணிப்பை இன்னொரு துணிப்பைக்குள் இருந்தது.

"எங்க போயி எடுக்கறது?"

"தெரியாத மாரி கேக்கற. உன் மாமனாரு ஊரு ஏரியிலதான் குமிஞ்சி கெடக்குதாமே. அதுவுமில்லாம உன் மாமனாரு நேத்தி ஆபீசுக்குப் போன் பண்ணாரு. ஒண்ணும் காதுல வுழல. கிசுகிசுன்னு பேசறாரு. கடசியில ஒண்ணுதான் புரிஞ்சிது. ஊருல புள்ளய வச்சிக்க வுட மாட்டங்கறாங்களாம். நீ வந்து தூக்கிட்டுப் போவணுமாம். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிச்சிட்டு வந்துடு."

பாரி கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டான்.

போன தை மாதம் அவன் மனைவி தென்றல் இறந்தாள். குழந்தை பிறந்தது காலையில். அவள் போனது சாயந்தரம். குழந்தை கூத்தனேரியில் மாமனார் வீட்டில் வளர்கிறது. கருமாதிக்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை. கேட்டவர்களிடம், சூளையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. சூளை விஷயம் தெரிந்த ஊர்.

இந்த முறையும் அவன் முடிவு செய்துவிட்டிருந்தான். படம் எடுப்பது, அடுத்த பஸ்ஸில் திரும்புவது. குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒற்றை அறை, அடுப்பு இல்லை, இரவிலும் சூளை வேலை என்று சொல்லிவிடுவது. எல்லாம் உண்மை.

மறுநாள் விடிவதற்கு முன்பே வேப்பூரில், பக்கத்து மங்களூர் வரை போகிற டவுன் பஸ் ஏறினான். கூத்தனேரி வளைவு வந்ததும் டிரைவர் இஞ்சினை அணைத்தார். சாலை இறக்கமாக இருந்தது. பஸ் சத்தமில்லாமல் உருண்டு போய் ஒரு புளியமரத்தடியில் நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. "இருமாம எறங்குங்க," என்று மெல்லச் சொன்னார்.

முதலாளி போனில் சொல்லியிருந்ததால் மாமனார் நல்லமுத்து காத்திருந்தார். டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"வண்டி ரிப்பேரா மாமா?"

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பாரி காதை அவர் வாயருகே கொண்டுபோனான்.

"சீசனு," என்றார்.

கூத்தனேரியில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். முன்னொரு சமயம் ஒரு கல்யாணத்தில் வெடி போட்டார்கள். அன்று எழும்பிப் போன நாரைகள் அடுத்த இரண்டு பருவமும் வரவில்லை. மழையும் வரவில்லை. மூன்றாவது பருவம் மழையும் நாரையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தபோது ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. இவை பறவைகள் அல்ல. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்கள். பிள்ளை பெற வந்த பெண் இருக்கும் வீட்டில் கூச்சல் போடலாமா? போடக்கூடாது.

அன்று முதல் அதுதான் சட்டம். சரணாலயம் என்று அறிவிக்கச் சொல்லி அரசுக்கு மனுப் போட்டார்கள். பதில் வராததால் தாங்களே தகரத்தில் பெயிண்ட் அடித்து மாட்டிக்கொண்டார்கள். கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றப்பட்டது. மார்கழியில் ஒலிபெருக்கி இல்லை. சேவல்கள் கார்த்திகை பிறந்ததும் நல்லூரில் இருக்கும் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. நாய்கள் தாமாகவே பழகிக்கொண்டன. அந்நியனைக் கண்டால் வாயைத் திறந்து மூடும். புருஷன் பெண்டாட்டி சண்டை சைகையில் நடந்தது. அதனால் ஒரு சண்டை முடிய இரண்டு மூன்று நாள் பிடித்தது.

இதையெல்லாம் நாரைகளிடம் யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு அலகைத் தட்டிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, குஞ்சுகளோடு சேர்ந்து விடியற்காலையிலிருந்து அப்படி ஒரு இரைச்சல் போட்டன. அந்த இரைச்சலில் சாதாரணமாகப் பேசினாலே காதில் விழாது. கூத்தனேரிக்காரர்கள் அதற்குள் கிசுகிசுத்தார்கள். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குப் புரிய நான்கு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

தென்றலின் சாவும் சீசனில்தான் வந்தது. பறை இல்லை. சங்கு ஊதுகிறவர் சங்கை வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் உப்பாமல் நடந்தார். பெண்கள் தோளோடு தோள் பிடித்து வட்டமாக உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். முந்தானையை மடித்து மார்பில் வைத்து, சத்தம் வராதபடி அடித்துக்கொண்டார்கள். டிவியில் சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்ப்பது போல இருந்தது பாரிக்கு. யாராவது சத்தத்தைக் கூட்டுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் கூட்டவில்லை. மாமியார் ஆராயி, பொண்ணுங்க கிளம்பினதும் அழுதுக்கறேன் என்று சொன்னாளாம். பங்குனியில் நாரைகள் போயின. அதற்குள் கடலை பிடுங்கும் வேலை வந்துவிட்டது.

இந்தச் சட்டம் ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியவில்லை. பாரியின் மகள் பூங்கோதைக்கு. அவளுக்கு ஒரு வயது நெருங்குகிறது.

"என்னா தொண்ட மாப்ள அது!" என்றார் நல்லமுத்து, வண்டியைத் தள்ளியபடி. ஊருக்குள் போவதற்குள் நான்கு தரம் இதைச் சொன்னார். அப்போதுதான் பாரிக்கு விழுந்தது. "அவ வாயத் தொறந்தா தெருவே வந்து நிக்கிது. பால கொண்டா, வெல்லத்தக் கொண்டான்னு. நானும் தெனம் சாயந்தரம் வேப்பூரு ஐவேசு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். லாரி போற எடத்துல நின்னுக்கிட்டு, 'அழு கண்ணு, இப்ப அழுது தீத்துடு'ன்னு சொல்றேன். அங்க போனா சிரிக்கிறா. லாரியப் பாத்துக் கைய ஆட்டறா. திரும்பி ஏரி வளைவு வந்ததும் ஆரம்பிச்சிடறா."

"இங்கயே இருக்கட்டும் மாமா. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"என்னா?"

"ஒண்ணுமில்ல," என்றான் பாரி.

ஏரிக்கரையில் பறவைக் கமிட்டி நின்றிருந்தது. கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கம் காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாத ஊரில் அது ஒரு வசதி. அவர் பக்கத்தில் நந்தகுமார் என்ற இளைஞன், கமிட்டிச் செயலாளர். பனி ஏரி மேல் படுத்திருந்தது. பனிக்குள் கருவேல மரங்களும், மரங்களில் வெள்ளை வெள்ளையாக நாரைகளும். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"படம் புடிக்கிறதுன்னா யாரு புடிக்கிறான்னு பாக்கணும்," என்று ராஜமாணிக்கம் பாரியின் காதுக்குள் சொன்னார். "வெளி ஆளுன்னா வுட மாட்டோம். மாசமா இருக்கற பொண்ணுங்க. கண்ணு பட்டுடும். நீ இந்தூரு மாப்ள. அதனால ஆட்சேபணை இல்ல."

"சரிங்க."

"ஆனா மாப்ளங்கறதால ஒரு செரமம் இருக்குது. அதுங்க உனக்குக் கொழுந்தியா முற."

பாரி ஏரியைப் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய வரை கொழுந்தியாள்கள். சில குளித்துக்கொண்டிருந்தன.

"அதனால மொகத்த எடுக்கலாம். பக்கவாட்டுல எடுக்கலாம். பின்னாலருந்து எடுக்கப்படாது. கொழுந்தியாவ முதுகுப் பக்கமா நின்னு படம் புடிக்கறவன் என்னா மனுசன்?"

"அச்சுக்கு முதுகு வேணுங்க. இல்லன்னா நானா யோசிக்கணும்."

"அது அதவிட மோசம்," என்றார் ராஜமாணிக்கம். நந்தகுமாரிடம் கலந்து பேசினார். இரைச்சலில் அது முடிய நேரமானது. "முதுகு வேணும்னா பொம்பள யாராவது எடுக்கட்டும். உன் மாமியா எடுக்கட்டும். தாய் முற. தப்பில்ல."

"சரிங்க."

"அடுத்தது உன் பொண்ணு. முட்ட பொரியற நேரம் மாப்ள. நீ அவளத் தூக்கிட்டுப் போயிடு. இல்லன்னா நல்லமுத்துவும் ஆராயியும் அவளத் தூக்கிக்கிட்டு, சீசன் முடியற வரைக்கும் ஊர வுட்டு வெளிய போயி இருக்கட்டும். ஊரு முடிவு. நீ தூக்கிக்கறன்னு சொன்னா ஏரியில எறங்கு. இல்லன்னா இப்பிடியே பஸ்ஸு ஏறு."

நல்லமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிக்குத் தன் ஒற்றை அறை ஞாபகம் வந்தது. அதில் ஒரு பாய், ஒரு வாளி, தென்றலின் புடவை இருக்கும் டிரங்குப் பெட்டி. டிரங்குப் பெட்டி மேல் இஸ்திரிப் பெட்டி. குழந்தையை வைக்க அங்கே இடம் எதுவும் தோன்றவில்லை. படத்தை எடுத்த கையோடு, இவர்கள் நான்கு தரம் கேட்டு முடிப்பதற்குள், பஸ் ஏறிவிடலாம் என்று பட்டது.

தலையை ஆட்டினான்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையைக் கண்டால் பொண்ணுங்களுக்கு யாரோ ஆபீசர் என்று தோன்றுமாம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். முழங்கால் வரை போனது. சில்லென்றிருந்தது. பனி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. முதல் வெயில் ஏரியின் மறு கரையிலிருந்து தண்ணீர் மேல் வழிந்து வந்து, அருகில் நின்ற ஒரு நாரையின் காலைத் தொட்டது.

அந்த நாரை அவனை நேருக்கு நேர் பார்த்தது.

கால்கள் துடைப்பக் குச்சி போல இருந்தன. இது சூளையில் நிற்காது என்று நினைத்தான். அலகை மூடியிருந்தது. மூடியும் அலகின் நடுவில் ஒரு சந்து இருந்தது. யூனிட்டில் ஒரு பறவை இப்படி வெளியே வந்தால் ஓரமாக எடுத்து உடைத்துவிடுவார்கள். அந்தச் சந்து வழியாக மறுபுறத்து வெயில் தெரிந்தது. பாரி படம் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பொத்தானை அமுக்கினான். முன்பக்கம்.

கரையிலிருந்து ராஜமாணிக்கம் சைகை காட்டினார். நந்தகுமார் சேற்றில் இறங்கி வந்து அதை மொழிபெயர்த்தான். "அது ஒங்க மாமனாரு வூட்டுக் கருவேல மரத்துல கட்டியிருக்கற பொண்ணு. நேர் கொழுந்தியா. பாத்து எடுங்கன்னு சொல்றாரு."

ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு வீட்டுப் பொறுப்பு. அந்த ஏற்பாடும் கமிட்டியுடையதுதான்.

நாரை ஒரு நத்தையைக் கண்டு இடப்பக்கம் திரும்பியது. ஒரு படம். அந்த நத்தை பிடிக்கவில்லை போல, இன்னொன்றைத் தேடி வலப்பக்கம் திரும்பியது. இன்னொரு படம். மூன்று பக்கமும் ஆயிற்று. முதுகுதான் பாக்கி.

ஆராயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வரும்போதே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கேமராவை நந்தகுமார் வாங்கி அவளிடம் கொடுத்தான். அந்த வீட்டில் மாமியார் மருமகனோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நடுவில் யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் தென்றல் இருந்தாள். "அவரு இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்குவாரான்னு கேளு," என்பாள் ஆராயி, அவன் எதிரிலேயே நின்றுகொண்டு. தென்றல் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

இப்போது நடுவில் இருந்தது பூங்கோதை.

"பாப்பா, எந்தப் பொத்தான அமுக்கறதுன்னு உங்கப்பாவக் கேளு," என்று ஆராயி குழந்தையின் வலது காதில் சொன்னாள்.

குழந்தை கேட்கவில்லை. பாரி குனிந்து இடது காதில் சொன்னான். "மேல வெள்ளியா ஒண்ணு இருக்குது. அதன்னு சொல்லு பாப்பா."

"ஒத்தக் கண்ண மூடிக்கணுமாமா?"

"கண்ண மூட வேணாம். பின்னாடி டிவி மாரி தெரியும், அதப் பாத்தா போதும்."

"பாத்தேன். நாரை எறும்பு மாரி தெரியுதுன்னு சொல்லு."

"கிட்டப் போவணும்."

"கிட்டப் போயி அமுக்குனா வுழுந்துடுமா?"

"படம் வுழும்."

"கேமரா வுழுந்துடுமான்னு கேக்கறேன், சொல்லு பாப்பா."

"கயித்தக் கழுத்துல மாட்டிக்கச் சொல்லு."

இரண்டு காதிலும் மாறி மாறி மூச்சுப் பட்டதில் பூங்கோதைக்குக் கூசியது. கழுத்தைக் குறுக்கிக்கொண்டு இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு முகம் தெரிந்த முகம்.

குழந்தையைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதும் வழக்கமில்லை. தரையில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். தரை என்று அங்கே ஒன்றும் இல்லை, சேறுதான் இருந்தது. ஆராயி நாலாபுறமும் பார்த்தாள். பிறகு நந்தகுமாரைக் கூப்பிட்டு அவன் கையில் குழந்தையைக் கொடுத்தாள். நந்தகுமார் அதைப் பாரியின் கையில் கொடுத்துவிட்டு, வெடிக்கப் போகிற எதையோ கொடுத்தவன் போலப் பின்னால் நகர்ந்தான்.

பாரிக்குக் குழந்தை தூக்கிப் பழக்கமில்லை. களிமண் கரைசல் ஊற்றிய அச்சைத் தூக்கத்தான் தெரியும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, சாயாமல் நேராகப் பிடித்துக்கொண்டான். அச்சைவிடக் கனமில்லை. ஆனால் அச்சு கையில் அசையாது.

ஆராயி கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நாரையின் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். நாரை அவளைச் சட்டை செய்யவில்லை. தினமும் துணி துவைக்க வருகிறவள்.

குழந்தை பாரியின் முகத்தைப் பார்த்தது. மூக்கைப் பார்த்தது. ஆராயி போன திசையைப் பார்த்தது. மறுபடி அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

சத்தம் உடனே வரவில்லை. மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முகம் சிவந்தது. கரையில் கமிட்டி மொத்தமும் தங்கள் வாய்களைப் பொத்திக் காட்டியது. பொத்து, பொத்து! நல்லமுத்து துண்டை உருட்டிக்கொண்டு சேற்றில் ஓடி வந்து, இரண்டு எட்டில் மாட்டிக்கொண்டு நின்றார். பாரியின் கை தானாக எழுந்தது. பாதி தூரம் போனது.

திறந்த வாய். சத்தமில்லை. இந்த வாயை அவன் பார்த்திருக்கிறான். போன தை மாதம் வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் இதே வாய்தான்.

கையை இறக்கிவிட்டான்.

அப்போது வந்தது. அது அழுகை மாதிரியே இல்லை. சூளையில் காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டால் வருகிற சத்தம். ஏரியின் மறு கரை வரை போய்த் திரும்பி வந்தது. கரையில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ராஜமாணிக்கம் மப்ளருக்கு மேலேயே காதைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார், இப்போது எல்லாம் எழும்பிப் போய்விடும் என்பது போல.

ஒன்றும் எழும்பவில்லை.

பூங்கோதை மூச்சு வாங்கி மறுபடி தொடங்கினாள். ஒரு நாரை தலையைச் சொறிந்தது. ஒன்று கூட்டில் முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி அதன் மேல் உட்கார்ந்தது. ஆராயிக்கு முன்னால் நின்ற நாரை வாலை உயர்த்தி எச்சமிட்டது. அவள் விரல் அந்த நேரம் பொத்தானில் இருந்தது.

கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

நந்தகுமார் ராஜமாணிக்கத்திடம் போனான். "ஒருவேள அதுங்களுக்கு மொதல்லருந்தே இந்தச் சத்தமெல்லாம் ஒரு..."

"என்னா சொல்ல வர?"

நந்தகுமார் ஊரைத் திரும்பிப் பார்த்தான். துணி சுற்றிய மணி, நல்லூரில் இருக்கும் சேவல்கள், வாயை மட்டும் திறக்கும் நாய்கள். "ஒண்ணுமில்லீங்க," என்றான்.

ராஜமாணிக்கம் வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "அக்கா பொண்ணுடா," என்றார். "சொந்த ரத்தம். சித்திங்களுக்குத் தெரியாதா? அதான் ஒண்ணும் சொல்லாம இருக்குதுங்க. வேற யாரு கத்தியிருந்தாலும் இன்னேரம் ஏரி காலி." கமிட்டி மூச்சு விட்டது. அவர் விரலை உயர்த்தினார். "இனிமே இந்தூர்ல சீசன்ல அவ ஒருத்தி கத்தலாம். வேற யாரும் கத்தப்படாது."

அந்த நேரத்தில்தான் ஏரிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்போ அன்னிக்கி நான் அழுதிருக்கலாம்."

ஆராயிதான். கிசுகிசுப்பு இல்லை. அது அவளுடைய சாதாரணக் குரல். வயல்வேலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசுகிற குரல். எல்லோரும் திரும்பினார்கள். நாரைகள் திரும்பவில்லை.

அவள் சேற்றில் நின்றபடி பாரியைப் பார்த்தாள். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

"நானும் அவ சொந்தந்தான? பெத்தவ. அழுதிருக்கலாமா மாப்ள?"

நடுவில் யாரும் இல்லை. குழந்தை கத்திக்கொண்டிருந்ததால் அவனும் உரக்கத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அழுதிருக்கலாம் அத்த."

ஆராயி காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"இப்ப வரலியே," என்றாள்.

கரை ஏறினார்கள். ராஜமாணிக்கம் பாரியிடம் வந்து, இப்போது மிகுந்த மரியாதையோடு, பழையபடி காதுக்குள் பேசினார். "மாப்ள, ஒரு கஷ்டமும் இல்ல. புள்ள இங்கயே இருக்கட்டும். தெனம் காலையில ஒரு தரம் கரைக்குக் கொண்டாந்து காட்டிட்டுப் போனா பொண்ணுங்களுக்கு மனசு குளுரும். நீ சூளையப் பாரு. பஸ்ஸு வர்ற நேரந்தான்."

நல்லமுத்துவின் முகம் மலர்ந்தது. ஆராயி கையை நீட்டினாள். இந்தத் தரம் நேராகவே நீட்டினாள். பாரி நேற்றிலிருந்து நினைத்திருந்தது இதுதான். ஒற்றை அறை என்றோ அடுப்பு இல்லை என்றோ ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவன் மார்பெல்லாம் எச்சிலும் கண்ணீரும். சட்டை இல்லாததால் அது நேராகத் தோலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அவனுக்கு எதுவும் தோலில் பட்டதாகத் தோன்றி வெகுநாள் ஆகிவிட்டிருந்தது.

"இல்லீங்க," என்றான். "நான் கூட்டிட்டுப் போறேன்."

கமிட்டி கொந்தளித்தது. கொந்தளிப்பு முழுக்கக் கிசுகிசுப்பில் நடந்ததால் இலை சலசலப்பது போலிருந்தது.

"என்னா வெளையாடறியா? அவளக் கூட்டிட்டுப் போயி, அதுங்களும் பின்னாலயே போயிட்டா யாரு பதில் சொல்றது?"

"நீங்கதான கூட்டிட்டுப் போவச் சொன்னீங்க?"

"அது அவ யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி."

பாரி அதிகம் பேசுகிறவன் இல்லை. ஏரிப் பக்கம் திரும்பினான்.

"பொண்ணுங்க புள்ள பெத்துக்கத்தான வந்திருக்குதுங்க?"

"ஆமா."

"பங்குனியில கெளம்பும்போது புள்ளய இங்கயே வுட்டுட்டா போவுதுங்க?"

ராஜமாணிக்கம் மப்ளரைக் காதிலிருந்து இறக்கினார்.

"புள்ளையோடத்தான போவுதுங்க," என்றான் பாரி. "அஞ்சாம் மாசம் புள்ளய அப்பன் வூட்டுக்கு அனுப்பறது உங்க ஊரு வழக்கந்தான? இவளுக்குத்தான் லேட்டாயிடிச்சி."

இதற்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்று ராஜமாணிக்கம் நந்தகுமாரைப் பார்த்தார். நந்தகுமார் நாரைகளைப் பார்த்தான். இருந்திருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

"அப்ப வருசா வருசம் சீசனுக்குக் கூட்டியாரணும்," என்றார் ராஜமாணிக்கம் கடைசியில். "தாய்வீடு."

"கூட்டியாறேன்."

கேமராவை வாங்கிப் பார்த்தான். ஆராயி எடுத்ததில் சேறு இருந்தது, கட்டை விரல் இருந்தது, அவள் கால் இருந்தது. ஒரே ஒரு நாரை முதுகு விழுந்திருந்தது. துல்லியமாக, ஒவ்வொரு இறகும் தெரிய, வாலை உயர்த்தி எச்சமிடும் நிலையில். இதை வைத்துத்தான் அச்சு செய்தாக வேண்டும். ஓட்டல்காரன் மனைவி என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. வாத்து என்று சொல்ல முடியாது.

ஆராயி வீட்டுக்குப் போய் ஒரு பையோடு வந்தாள். பையில் குழந்தைத் துணிகளும் அவளுடைய இரண்டு புடவைகளும் இருந்தன. "சீசன் முடியற வரைக்கும் நானும் வரேன். நீங்க சூளைக்குப் போனா யாரு பாத்துக்குவா?" நல்லமுத்து, அப்போ எனக்கு யாரு சோறு ஆக்குவா என்று கேட்டார். நான்கு தரமும் அவள் காதில் விழவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். பூங்கோதை நிறுத்தவில்லை. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள், ஒருவரும் வெல்லம் கொண்டுவரவில்லை.

"இவ எதுக்கு அத்த இப்பிடி அழுவுறா?"

"பசி. விடியக்காலையில ஒண்ணும் குடுக்கல."

"என்னா குடுக்கணும்?"

"இட்டிலிய பால்ல ஊற வச்சிக் குடுக்கணும். சக்கர கொஞ்சமாத்தான். மத்தியானம் சாதத்தக் கொழயக் கொழயப் பெசஞ்சி குடுக்கணும். குளிக்க வைக்கும்போது தலைக்கு மொதல்ல ஊத்தப்படாது, காலுக்கு ஊத்தணும். சாயந்தரம் லாரி காட்டணும்."

"சரி."

"அப்பறம் தூங்க வைக்கும்போது யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். வாய்வுட்டுப் பேசணும். கிசுகிசுன்னு பேசுனா தூங்க மாட்டா. பேச்சு நின்னாலும் முழிச்சிக்குவா."

"என்னா பேசறது?"

"எதையாவது பேசுங்க. உங்க சூளையப் பத்திப் பேசுங்க."

பாரி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

"களிமண்ண மொதல்ல தண்ணியில ஊறப் போடணும்," என்றான்.

பூங்கோதை அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் வராததால் மறுபடி தொடங்கினாள்.

"அப்பறம்?" என்றாள் ஆராயி.

"அப்பறம் ஒரு நா முழுக்கக் கலக்கணும்," என்றான் பாரி. "கலக்கிட்டு, வடிகட்டணும்."